பெத்சியார்வி விருந்தினர் ஸ்டுடியோவின் அடுப்புத் தட்டை மூடியது யார் என்பது பற்றி

பெயர் சைமி தோர்மானென், வயது 58, கணவர் பெயர் தௌனோ, இல்லத்தரசி. முகவரி: பெத்சியார்வி கிராமம், இனாரி வட்டாரம், பின்லாந்து. சென்ற செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த வாக்குமூலம் பொய். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாக வந்து இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் முந்நூறு அடி தள்ளி ஒற்றை அறை ஸ்டுடியோ இருக்கிறது. ஓவியர்களும் எழுதுகிறவர்களும் வந்து தங்குவார்கள். அதன் கல்லடுப்பைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்து வருகிறேன். பற்ற வைத்த நேரம், எத்தனை கட்டை, புகைபோக்கியை அடைக்கும் தட்டை மூடிய நேரம் எல்லாவற்றையும் அடுப்பருகே தொங்கும் நோட்டில் எழுதுவேன். துர்க்குவிலிருந்து வந்து மூன்று வாரமாகத் தங்கியிருந்த ஓவியர் இல்தா ரௌனியோ, வயது 29, அதைப் பார்த்து, “சைமி, அடுப்புக்குப் பல்லு முளைச்சா அதையும் எழுதுவீங்களா?” என்று சிரிப்பாள்.

ஜனவரி 14 அன்று மதியம் 1 மணிக்கு ஏழு பிர்ச் கட்டை வைத்துப் பற்ற வைத்தேன். வெளியே குளிர் மைனஸ் 33. அதன் பிறகு இல்தா பனிச்சறுக்கிலிருந்து வந்து, நான் கொடுத்த மீன் சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கினாள். 3.20க்கு நான் போய் அடுப்பைத் திறந்து பார்த்தபோது தணலின் பின்பக்கம் நீலச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. நீலம் அணையும் முன் தட்டை மூடினால் விஷவாயு அறைக்குள் வரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஏழு வயதிலிருந்தே தெரியும். 4 மணிக்கு ஜெபவீட்டில் கூட்டம், காப்பியும் ரொட்டியும் என் பொறுப்பு. தட்டைத் திறந்து விட்டுப் போனால் ஏழு கட்டையின் சூடும் வானத்துக்குப் போய்விடும் என்று நினைத்து மூடினேன். சுடரைப் பார்த்துத்தான் மூடினேன். விஷவாயு எச்சரிக்கை மணியின் பேட்டரி தீர்ந்து கீச்சிட்டதால் அதற்கு முந்தைய வாரமே கழற்றியிருந்தேன், புதிது வாங்கவில்லை. காரில் ஹாரன் அடித்த தௌனோ, “என்னடி, வெறகுகிட்ட சொல்லிட்டு வர்றியா?” என்றார். அவசரத்தில் மூடிய நேரத்தை எழுதவில்லை.

இரண்டாவது பாட்டு பாடும்போது அந்த நீலச் சுடர் நினைவுக்கு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பாட்டின் நடுவே எழுந்தால் வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். அதன் பிறகு காப்பி ஊற்றினேன். நாற்பத்தொரு பேருக்கு ஊற்றினேன்.

6.15க்குத் திரும்பினோம். ஸ்டுடியோவுக்குள் இல்தா கதவை எட்ட ஒரு முழம் இருக்கும்போதே விழுந்து கிடந்தாள், கன்னம் மட்டும் நல்ல சிவப்பாக இருந்தது. இருவருமாகப் பனியில் இழுத்துப் போட்டோம். தௌனோ ஆம்புலன்ஸை அழைத்தார். நான் ஜன்னல்களைத் திறக்க உள்ளே போனபோது நோட்டு கண்ணில் பட்டது. ‘3.20, தணல் இருக்கிறது, தட்டு திறந்தே விட்டேன்’ என்று எழுதினேன். காவலர் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவள் எழுந்து குளிருக்கு மூடியிருப்பாள் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். தௌனோவும் நம்பினார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ரொவனியெமி மருத்துவமனைக்குப் போனேன். இல்தாவின் வலது கை நடுங்குகிறது. பென்சில் நிற்கவில்லை. “நான்தான் மூடியிருப்பேன் போல சைமி. ஒண்ணும் ஞாபகமில்ல. ஆனா உங்க நோட்டு பொய் சொல்லாதே,” என்றாள். “ஊர்ல உங்க பேரைக் கெடுத்துட்டேன். உங்க ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் பாவமன்னிப்பு சொல்வீங்களாமே. எனக்கும் சொல்றீங்களா?”

எங்கள் சபையில் கேட்டவருக்கு மன்னிப்பை மறுக்கக் கூடாது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவம் மன்னிக்கப்பட்டது, நம்பு என்று சொன்னேன். அவள் என் தோளில் அழுதாள். பிறகு எனக்கு நன்றி சொன்னாள்.

திரும்பும் வழியில் தௌனோவிடம் எல்லாவற்றையும் சொல்லி, எனக்கு மன்னிப்பு சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் காரை ஓரமாக நிறுத்தினார். “எங்கிட்ட கேக்காத. கேக்க வேண்டியவ அங்க படுத்திருக்கா,” என்றார். முப்பத்துநான்கு வருடத்தில் அவர் எனக்கு அதை மறுத்தது இதுவே முதல் தடவை. இன்று காலை அவர்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார். வெளியே காரில் இருக்கிறார்.

நோட்டை ஒப்படைத்துவிட்டேன். பொய்யாக எழுதிய வரியை அடிக்கப் போனேன், அப்படியே இருக்கட்டும் என்று காவலர் சொன்னதால் விட்டுவிட்டேன். இதை வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன் இல்தாவுக்குப் படித்துக்காட்ட வேண்டுகிறேன். தட்டை மூடியது அவளில்லை. நான் அன்று சொன்ன மன்னிப்பு அவளுக்குத் தேவையே இல்லாதது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் எனக்கு மன்னிப்பு சொல்ல வேண்டும் என்று இதில் நான் கேட்கவில்லை.

மேலே எழுதியதை நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நேரங்கள் உட்பட எல்லாம் நடந்தபடியே இருக்கின்றன, எதையும் கூட்டவில்லை, இந்த முறை எதையும் விடவும் இல்லை.

(ஒப்பம்) சைமி தோர்மானென்
ஜனவரி 20, திங்கள், காலை 11.20