மேற்றிராணியாருக்கு எழுதிய காரணம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கன்னியர்மடப் பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள், சாமி. அதனால்தான் பிஷப் அரண்மனைக்கு, மேற்றிராணியாருக்குப் போக வேண்டிய மனுவை நகலெடுக்க என்னிடம் கொடுத்தீர்கள். அதில் உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

முதலில் ஒன்று. நான் இதைப் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லவில்லை. கோவிலில் முழந்தாளிட்டுப் பாவமன்னிப்புக்காகச் சொன்னால் நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் பகல் வேளையில் உங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா ஜோசஃபின் இறந்தபோது அவள் மகள் மௌரீனுக்குப் பதினோரு மாதம். டொமினிக் அத்தானுக்குத் தந்தி ஆபீஸ் வேலை. பிளாக்பள்ளிப் பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பள்ளி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் போவேன், விளக்கு வைத்தபின் திரும்புவேன்.

எதிர்வீட்டு ருக்மிணியம்மாள் இந்து. அவர்கள் வழக்கத்தில் அக்கா போனால் தங்கையைக் கட்டுவது சாதாரணம். "உன்னையே கட்டிக்கினா என்னம்மா? புள்ளைய நீதானே வளக்கிறே" என்று ஒருநாள் கேட்டாள். அன்று சாயங்காலமே உங்களிடம் வந்தேன். யாருக்காகவோ கேட்பதுபோல, மனைவியின் தங்கை என்ன முறை என்று கேட்டேன். நீங்கள் ஜெபப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெண்டாட்டி செத்தாலும் அவ தங்கச்சி இவனுக்கும் தங்கச்சிதான்மா. திருச்சபைச் சட்டம்."

அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு என்று ஒன்று மேற்றிராணியாரிடம் கேட்கலாம் என்பதை நீங்கள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை. சட்டம் சட்டம்தான் என்று நினைத்தேன். மூன்று வருஷம் அவருக்குக் காபி கொடுத்தேன், சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஒழுங்கான தங்கையாக இருந்தேன்.

ஈஸ்டருக்கு டோரீன் வந்தாள். எங்கள் கடைசித் தங்கை, மதராஸில் விடுதியில் படித்தவள். வந்த மூன்றாம் நாள், அத்தான் மீசை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். மீசை தாழ்ந்துதான் இருந்தது. அன்றுதான் நான் பார்த்தேன்.

ஆடி மாதம் அவர் உங்களிடம் வந்து, டோரீனைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவருக்கு நீங்கள் விலக்கைப் பற்றிச் சொன்னீர்கள்.

மனுவை எழுதும்போதுதான் எனக்கு விவரம் புரிந்தது. விலக்குக்குத் தக்க காரணம் வேண்டும். பிரியம் காரணம் ஆகாது. தாயில்லாக் குழந்தைக்கு ஒரு தாயின் பராமரிப்புத் தேவை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். வேறு காரணமே இல்லை. நான் வளர்த்த குழந்தையைக் காட்டி டோரீனுக்கு அனுமதி கேட்டிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மௌரீனுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டையில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்படி டாக்டர் சொன்னார். இப்போது தொண்டை அடைப்பான் நோய்க்கு ஊசி இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை காலை கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தேன். படலம் இருந்தது. அத்தான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"தொண்டை எப்படியிருக்கு, பிரிஜெட்?"

"சுத்தமா இருக்கு அத்தான். நீங்க ஆபீஸ் போங்க."

டோரீன் கமர்ஷியல் தெருவுக்குத் துணி பார்க்கப் போயிருந்தாள். ஜட்கா வண்டி கூப்பிடட்டுமா என்று ருக்மிணியம்மாள் வந்து கேட்டாள். குழந்தை தூங்குகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். குழந்தை தூங்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். அவளால் விழுங்க முடியவில்லை. மூன்று மணிவரை ஒருமுறைகூடக் கீழே இறக்கவில்லை. பெற்றவள்கூட அப்படி வைத்திருக்க மாட்டாள்.

மறுநாள் அடக்கம். நீங்களே வந்து செபித்தீர்கள். இனி அந்த மனு செல்லாது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் குழந்தை போவதற்கு முதல் நாள், திங்கட்கிழமையே மேற்றிராணியார் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இரண்டு மாதம் துக்கம் காத்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இப்போது இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டீர்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று பூசையில் எல்லோருக்கும் கேட்கத்தான் வாசித்தீர்கள்.

எனக்குத் தெரிகிறது, அறிவிக்கிறேன். அந்த அனுமதி மௌரீனுக்காகக் கொடுத்தது. மௌரீன் இல்லை. அவள் நோயால் சாகவில்லை, நான்தான் கொன்றேன். அந்தக் குழந்தை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதை நீங்கள் அத்தானிடம் சொல்ல வேண்டும்.

போலீசுக்கு ஆள் அனுப்புவதானால் அனுப்புங்கள், சாமி. அதற்கு முன்னால் மேற்றிராணியாருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். மூன்றாம் ஓலைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.