பொருளுக்குப் புறம்பான கேள்வி

மின்னஞ்சலுக்குச் சரியாகத் தலைப்பு வைப்பவர்களை எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் சார். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

தீவுகளில் கப்பல், லாஞ்ச் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு நடத்துகிறேன். அறுபத்திரண்டு பேர். யார் எழுதினாலும் முதலில் எனக்குத்தான் வரும். நான் விட்டால்தான் மற்றவர்களுக்குப் போகும். விதிகள் மட்டும் பன்னிரண்டு பக்கம். இருபத்தெட்டு வருஷம் கப்பல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் வேறு என்னதான் செய்வது?

ராபின், ஃபீனிக்ஸ் பே துறையில் சரக்கு லாஞ்ச் ஓட்டுகிறவன். 2007 ஜூலையில் எழுதினான். சுனாமிக்குப் பிறகு வடக்கே பாறைத் திட்டுகள் மேலே எழும்பிவிட்டன அல்லவா? திருத்திய கடல் வரைபடத்தைக் கணினியில் ஏற்றியும் திரையில் பழையதே வருகிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தான். தலைப்பு: "ஹெல்ப்".

கேள்வி கடலைப் பற்றியதல்ல, மென்பொருளைப் பற்றியது. விதி ஏழு. அவனுக்கு அப்படியே பதில் எழுதிவிட்டு, கேள்வியை நிறுத்தி வைத்தேன்.

மறுநாள் போன் செய்தான்.

"அண்ணாச்சி, தோடா, கொஞ்சம் பாத்து விடுங்க. யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கும்."

"இது தொழில் பேசுற இடம் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஜங்லிகாட்டுல கடை இருக்கு."

"கடைக்காரன் சினிமாப் படம் போட்டுத் தரவாங்குறான், அண்ணாச்சி. அடுத்த சனிக்கிழமை மாயாபந்தருக்கு லாஞ்சை எடுக்கணும். நமக்கு வடக்கு ரூட்டு புதுசு."

நான் நியாயமானவன். ஆகவே, மென்பொருள் கேள்விகளை அனுமதிக்கலாமா என்று கொள்கையளவில் குழுவின் முன் வைத்தேன். ராபினின் கேள்வியை வைக்கவில்லை. வைத்தால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள், கொள்கை அடிபட்டுப்போகும்.

எட்டு நாளில் நாற்பத்தொரு மின்னஞ்சல். முன்னாள் கேப்டன் ஒருவர் கடல்தொழிலின் கௌரவம் பற்றி மூன்று பாகமாக எழுதினார். வெள்ளைச்சாமி என்ற இன்ஜின் டிரைவர் மட்டும், "அரே பாய், கேள்வி என்னான்னு சொல்லித் தொலைங்க, வேலை முடிஞ்சுது" என்று எழுதினார். விவாதத்தின் தரத்துக்கு அது ஒட்டவில்லை. அதையும் நிறுத்தி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தீர்மானம் நிறைவேறியது: அனுமதிப்பதில்லை. சனிக்கிழமை கொட்டுகிற மழையில் ராபின் கிளம்பினான். ஞாயிறன்று மாயாபந்தர் பக்கம், ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி, தண்ணீர் என்று திரை காட்டிய இடத்தில், லாஞ்ச் பாறையில் ஏறி உடைந்தது. அவனும் உடனிருந்த மூன்று பேரும் கரை சேரவில்லை.

குழுவில் இரங்கல் செய்திகள் குவிந்தன. தனிப்பட்ட விஷயம், விதி நான்கு. எதையும் விடவில்லை. அவன் மனைவி ஜோஸ்லின் என் பதில்களை அச்செடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். நல்ல காரியம், நான் முறையாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று அதில் தெரியும்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பழைய வரைபடத்தை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். என் கணினியிலும் மார்ச்சில் அதே கோளாறு. ஐந்து நிமிஷ வேலை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஒருத்தனுக்குச் சொன்னால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள். போன வருஷம் நான் போட்ட, கடல் ஏறி இறங்கும் நேரம் காட்டும் ஓத அட்டவணையில் ராபின் பிழை கண்டுபிடித்து அத்தனை பேருக்கும் எழுதினானே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதையெல்லாம் காலையிலேயே உங்கள் ரைட்டர் சுகுணா முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் கணினி அப்படியே நின்றுபோனது.

"அங்கிள், உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. எதை அமுக்குனா அடிச்சது அழியாம இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும்.

"இது வாக்குமூலம் கொடுக்குற இடம்மா" என்றேன்.

அதனால்தான் சார், முதலிலிருந்து மறுபடியும் சொல்லவேண்டியதாயிற்று.