கடற்பஞ்சு மருந்தும் என் மச்சினனும்

கை கழுவாமல் எதையும் தொடுகிற பழக்கம் எனக்கில்லை. இந்த விசாரணை அறைக்குள் வந்ததும் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டேனே, அது பயத்தினால் அல்ல. உங்கள் ஆட்கள் அதற்கு ஏதோ அர்த்தம் பண்ணிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் உட்கார்ந்து எழுதுகிறவர் அதையும் எழுதிவிட்டார் போலிருக்கிறது. எழுதட்டும்.

என் வேலை கடற்பஞ்சு. பாத்திரம் தேய்க்கிற பஞ்சு அல்ல ஐயா, உயிருள்ளது. பாறையில் ஒட்டிக்கொண்டு ஆயுசு முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டுகிற பிராணி. அதற்கு நகரத் தெரியாது, கடிக்கப் பல் இல்லை, மேலே ஓடுகூடக் கிடையாது. கடலில் உள்ள கிருமிகள் எல்லாம் சேர்ந்து அதை என்றைக்கோ தின்று ஏப்பம் விட்டிருக்க வேண்டும். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் விடுவதில்லை. தங்க இடம் கொடுத்ததற்காக அவை ஒரு விஷத்தைச் சுரந்து வெளிக்கிருமிகளைக் கொல்கின்றன. நன்றியுணர்ச்சிக்கு நான் நேரில் பார்த்த ஒரே சாட்சி அதுதான். எங்கள் நிறுவனத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன், அகப்படவில்லை.

அந்த விஷம் நமக்கு மருந்து. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் இப்போது ஆஸ்பத்திரிகளில் சட்டமாகக் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றில் மிக மோசமான ஒன்றை நாங்கள் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம், மருந்தைச் சோதிப்பதற்காக. தட்டில் வளர்த்த கிருமியை என் மருந்து கொன்றது. எலிகளையும் பிழைக்கவைத்தது. அனுமதிக் குழுவிடம் போனேன். எலி வேறு, மனிதன் வேறு என்றார்கள். இதைக் கண்டுபிடிக்க அத்தனை பெரிய மேஜையும் அத்தனை நாற்காலிகளும் தேவைப்பட்டிருக்கின்றன.

ஒரு வழி மட்டும் இருக்கிறது என்றார்கள். வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளி, சாகக் கிடக்கிறவர், மருத்துவரே கேட்டு, குடும்பமும் சம்மதித்தால் அவசர அனுமதி கொடுப்பார்கள். ஆக எனக்குத் தேவை ஒரு நோயாளி. நானும் நியாயமாகத்தான் காத்திருந்தேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சொல்லிவைத்தேன். ஒன்று, ஆள் தானாகவே பிழைத்துக்கொள்வார். இல்லை, நான் விண்ணப்பத்தை முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆராய்ச்சிக்கு ஒத்துழைப்பது என்றால் என்னவென்று நம் மக்களுக்குத் தெரியவே தெரியாது.

என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. முக்குளிப்பவன். எங்களுக்குப் பஞ்சு எடுத்துக்கொடுப்பது அவன்தான். நல்ல பையன், அதில் சந்தேகமில்லை. சாப்பாடு பாதி நாள் எங்கள் வீட்டில்தான். வாயை மூடுவது தண்ணீருக்கடியில் மட்டும். அன்று கடலிலிருந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். பாறை கிழித்துக் கணுக்காலில் ரத்தம்.

"சின்னக் கீறல்தான் மாமா. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவா."

"நான் ஏன் சொல்றேன்? உக்காரு, கட்டுப் போட்டு விடறேன்."

முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினான். கையைக் கழுவினேன். காயத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, குளிர்பெட்டியிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து, பருத்திப் பஞ்சை அதில் நனைத்துக் காயத்தில் தடவினேன்.

"எரியுதா?"

"இல்ல மாமா. உங்க கை டாக்டர் கை மாதிரி இருக்கு."

கடைசிவரை என் வேலையை மனம்விட்டுப் பாராட்டியவன் அவன் ஒருவன்தான்.

உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கிறேன். கொஞ்சம் யோசியுங்கள். வழியில் போகிற எவன் காலிலாவது தடவியிருந்தால் என்னைக் கொடூரன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நான் சொந்தத்தில் அல்லவா கொடுத்தேன். மருந்தின் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை. அவனுக்கும் இளம் வயது, இரும்பு உடம்பு, நான்கு நாள் தாங்குவான். கையெழுத்துப் போட வேண்டியவள் என் மனைவி. நான் நீட்டினால் படித்துப் பார்க்காமல் போடுவாள். இதைவிடப் பொருத்தமான நோயாளி வேண்டுமென்றால் சொல்லிவைத்துத்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் நினைத்தபடி நடந்தது. காய்ச்சல் வந்தது, கால் வீங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருத்துவர் இருக்கிற மருந்தையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா அந்தப் பஞ்சோடதானே குடித்தனம் பண்ணீங்க. அந்த மருந்தக் கொடுங்க. எனக்காக இது ஒண்ணாவது செய்ங்க."

மறுக்க மனம் வரவில்லை. மருத்துவரும் கேட்டார். எலி வேறு, மனிதன் வேறு என்ற அதே குழு இரண்டே நாளில் அனுமதி கொடுத்தது. தலைவர் என் தோளைத் தட்டி, சொந்த வீட்டிலேயே இப்படி நேர்ந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன்.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. எலிகளுக்குக் கொடுத்த மருந்தைச் சுரந்த பாக்டீரியாவோடு, அதே பஞ்சிலிருந்து வந்த இன்னொரு பாக்டீரியாவும் கலந்து வளர்ந்துகொண்டிருந்தது. அந்த அசிங்கம் எனக்குப் பிடிக்கவில்லை. மனிதனுக்குக் கொடுப்பதாயிற்றே. நம்முடையதை மட்டும் தனியாகப் பிரித்து, புதுக் குடுவையில் வளர்த்து, அதிலிருந்து மருந்து எடுத்தேன். சுத்தமாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதித்தேன். கொல்கிறதா என்று சோதிக்கவில்லை. அதுதான் ஏற்கெனவே கொன்றதே.

மருந்து நரம்பில் இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "சரியாயிடும்ல மாமா?" என்றான். ஆயிடும் என்றேன். விடிவதற்குள் போய்விட்டான்.

எனக்குத் தாங்கவில்லை ஐயா. சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியே பார்த்தது, நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படித் தாங்குவான்?

காரணத்தை என் சக விஞ்ஞானி ஒருவர் சொன்னார். தட்டை ஒழுங்காக மூடத் தெரியாதவர். அவருடைய தட்டுகளில் எதைத் தேடினாலும் கிடைக்கும். அப்படித் திறந்து கிடந்த தட்டொன்றில் நம் பாக்டீரியாவுக்குப் பக்கத்தில் வேறெதுவோ விழுந்து முளைத்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் மருந்து சுரந்திருந்தது.

"இது தனியா இருந்தா சும்மா கிடக்குது சார். பக்கத்துல ஒருத்தன் வந்து உரசுனாத்தான் சுரக்குது" என்றார்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எதிரியே இல்லாத இடத்தில் விஷத்தை எதற்கு வீணாக்க வேண்டும்? நான் அதற்குத் தனி வீடு கொடுத்து, சோறு போட்டு, சோம்பேறியாக்கியிருக்கிறேன். என் மச்சினனுக்கு நரம்பில் ஏற்றியது வடிகட்டிய சத்துத் தண்ணீர்.

மச்சினன் காயத்திலிருந்த கிருமியையும் எங்கள் குளிர்பெட்டிக் கிருமியையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று உங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். தட்டை மூடுவதில் இல்லாத அக்கறை அதில் எங்கிருந்து வந்ததோ.

ஆமாம், நான்தான் தடவினேன். அதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொடுக்கிறேன். ஆய்வுக்கூடத்தைப் பூட்டி முத்திரை வைக்கப்போவதாகச் சொன்னீர்களே, அது மட்டும் வேண்டாம். அங்கே புதிய மருந்து இருக்கிறது. இந்த முறை துணையோடு வளர்த்தேன், கொல்கிறதா என்றும் சோதித்துவிட்டேன். பிரமாதமாகக் கொல்கிறது. குழுவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அனுமதி கொடுக்க அவர்களுக்கு இரண்டு நாள் ஆகும்.

அவசரம் எனக்காக அல்ல. முந்தாநாள் என் மனைவி தம்பி நினைப்பிலேயே காய் நறுக்கி விரலை வெட்டிக்கொண்டாள். நான்தான் கட்டுப் போட்டு விட்டேன். இன்று காலை உங்கள் ஆட்கள் வந்து என்னைக் கூப்பிட்டபோது அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது.