நாற்பத்தேழாம் வீட்டின் படிவம்

அந்த இராணுவ முகாமில் வண்டி நிறுத்த நல்ல நிழல் உண்டு. குடும்பங்கள் குடியிருக்கும் பகுதியின் முகப்பில் யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நிற்கும். மார்ச் மாத வெயிலிலும் வேனுக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காரலாம். மெல்பேர்னைச் சுற்றி நான் பார்த்த வேலையிடங்களில் அப்படி ஒன்று அமைந்ததில்லை.

விசாரணைக்கான இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது வசதியாகப் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதினால் வருந்துகிறேன், மிகவும் வருந்துகிறேன் என்று நாலு வரிக்கு ஒருதரம் எழுதவேண்டியிருக்கும். நடந்ததை எழுதுகிறேன். உங்கள் மொழிபெயர்ப்பாளர் அதை எப்படி வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளட்டும்.

என் பெயர் நவீன்ராஜ். ஊர் மலேசியாவில் கிள்ளான். சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க மெல்பேர்ன் வந்தேன். மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் டான்டினோங் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை. போன வருடம் கேத்ரின் இந்த வேலையை வாங்கித் தந்தார். அவரும் மலேசியத் தமிழர்தான், ஈப்போ. ஆய்வு நிறுவனத்தில் எனக்கு மேலாளர். பட்டம் இல்லாதவனைக் களப்பணிக்கு எடுத்ததற்கு மேலிடத்தில் அவர்தான் பதில் சொன்னார். கிடங்கு வேலையை விட்டுவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தேன். விடவில்லை.

முகாமில் எண்பத்தாறு வீடுகள். இராணுவத்தில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கானவை. அவற்றை மொத்தமாக ஒரு தனியார் கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கப் போகிறார்கள். கைமாறும் முன் சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கவேண்டும் என்பது விதி. மண்ணைத் துளையிட்டு எடுத்தது வேறு ஆட்கள். என் வேலை வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது. ஒன்பது நாளில் எண்பத்தாறு படிவங்களையும் முடித்துக் கொடுத்தேன்.

அந்தப் படிவத்தில் பதினோராவது கேள்வி ஒன்றுதான் முக்கியம். இந்த வீட்டு மண்ணில் விளைந்ததையோ வளர்ந்ததையோ இங்கே யாராவது சாப்பிடுகிறார்களா என்பது அந்தக் கேள்வி.

மேட்டுப் பக்கம் பழைய தீயணைப்புப் பயிற்சி மைதானம் இருக்கிறது. முப்பது வருடம் அங்கே நுரை பீய்ச்சியிருக்கிறார்கள். அந்த நுரையில் உள்ள இரசாயனம் மக்காது, கரையாது, மழை பெய்தால் வடிகால் வழியே இறங்கும். வடிகால் போவது வீடுகளின் பின்பக்கமாக. இது இரகசியம் எதுவும் இல்லை, எல்லாக் கோப்புகளிலும் இருக்கிறது. மண்ணில் அது கிடந்தால் ஒன்றும் இல்லை, வாய்க்குப் போனால்தான் கணக்கு. வீட்டுக்குப் பின்னால் வெறும் புல்தரை என்றால் இரசாயனம் இவ்வளவு இருக்கலாம் என்று ஓர் எல்லை. அதே மண்ணிலிருந்து சாப்பிடுகிறார்கள் என்றால் அதைவிட மிகக் குறைந்த இன்னோர் எல்லை. ஒரே மண்தான். பதினோராவது கேள்விக்கு ஒரு வீட்டில் 'ஆம்' என்று வந்தாலும் காய்கறி, முட்டை எல்லாவற்றையும் சோதிக்கவேண்டும், ஆட்களின் இரத்தத்தைச் சோதிக்கவேண்டும், வேறு ஆட்கள் வந்து எல்லா வீட்டிலும் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கவேண்டும்.

நாற்பத்தேழாம் வீட்டில் நான் 'இல்லை' என்று குறித்தேன். அதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

அந்த வீட்டுக்காரர் சயந்தினி. வயது முப்பத்தைந்து இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் துஷாந்த் இராணுவத்தில் வாகன மெக்கானிக். அப்போது பயிற்சிக்காக வடக்கே போயிருந்தார். நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். அவர் இடுப்பில் குழந்தையோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். என் சட்டையில் மாட்டியிருந்த அட்டையில் பெயரைப் படித்தார்.

"தம்பி தமிழோ?"

"ஆமாக்கா."

"பிறகென்ன வெளியில இருந்து எழுதுறீங்கள்? உள்ளுக்கு வாங்கோ, சாப்பிட்டிட்டு எழுதலாம். இந்த முகாமில தமிழ் கதைச்சு நாலு மாசம். பிள்ளையோட மட்டும்தான் கதைக்கிறன், அவ பதில் சொல்றா இல்லை."

"இல்லக்கா, வேலை நேரம்லா."

"லாவோ? மலேசியாவோ நீங்கள்? உந்த லாவை வேனுக்க வச்சிட்டு வாங்கோ."

போனேன். சோறு, பருப்பு, பொன்னாங்காணிக் கீரைச் சுண்டல், முட்டைப் பொரியல். பொன்னாங்காணி பின்பக்கப் பாத்தியில் இருந்து வந்தது. முட்டை, வடிகாலை ஒட்டிய கூண்டில் இருந்த ஆறு கோழிகளுடையது. கோழிகள் பகலில் அந்த வடிகால் ஓரத்தைத்தான் கிளறிக்கொண்டிருக்கும். நான் கேட்காமலே அழைத்துப் போய்க் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். ஒன்றுக்குத் தன் மாமியாரின் பெயர். "இவர் வந்தா மட்டும் பேரை மாத்திப்போடுவன்" என்றார்.

பிறகுதான் என் கையில் இருந்த படிவத்தைக் கவனித்தார்.

"தம்பி, கோழியை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அனுமதி எடுக்கேல்லை. புதுக் கொம்பனிக்காரர் வந்தா முதல் வேலையா இதைத்தான் தூக்கச் சொல்லுவினம்."

"எழுத மாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் முன்னாலேயே 'இல்லை' என்று குறித்தேன். கையெழுத்துப் போட்டார். போகும்போது ஒரு டசன் முட்டை தந்தார். இதில் நான் எதையும் வற்புறுத்தவில்லை. அவர் கேட்டார், செய்தேன். அந்தக் கேள்வி எதற்காக இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்பது உண்மைதான். அதை விளக்கச் சொல்லிப் படிவத்தில் எங்கும் இல்லை.

மே மாதம் ஆய்வுக்கூடத்தின் முடிவுகள் வந்தன. பட்டியலில் நாற்பத்தேழாம் வீட்டுக்குப் பின்னால் எடுத்த மண்ணைத் தேடிப் பார்த்தேன். புல்தரைக்கான எல்லைக்குள் இருந்தது, ஓரளவு விளிம்பில். சாப்பாட்டுக்கான எல்லையை எடுத்து வைத்துப் பார்த்தால் பல மடங்கு. கோழி முட்டையில் இந்த இரசாயனம் எப்படிச் சேரும் என்று நான் படித்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

கேத்ரின் அன்று என் மேசைக்கு வந்தார்.

"நவீன், எண்பத்தாறுலயும் 'நோ'தானா? ஒருத்தர்கூட ஒரு மொளகாச் செடி வைக்கலயா?"

"ஆமிக்காரங்க. ரெண்டு வருஷத்துல மாத்திருவாங்க. யாரு செடி வைப்பா?"

"அதுவும் சரிதான்லா. கிளையண்டுக்கு இனிப்புதான். ஏதாச்சும் திருத்தம் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிரு."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி நிலத்தடி நீர்மட்டம் அளக்க மறுபடி முகாமுக்குப் போனேன். சயந்தினி அக்கா பார்த்துவிட்டார். தேநீர் தந்தார். குழந்தை ஹம்சாவுக்கு அப்போது பதினான்கு மாதம். உயரமான குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து, ஊட்டிய கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"மண் டெஸ்ட் என்ன மாதிரித் தம்பி?"

"நார்மல்க்கா."

அதைப் பொய் என்று நீங்கள் சொல்லமுடியாது. புல்தரைக்கு அது நார்மல்தான்.

"இவளுக்கு ஒண்டும் இறங்குதில்லை. நிறை குறைவெண்டு நேர்ஸ் சொல்லுறா. முட்டை மஞ்சள் கிழமையில எத்தினை நாள் குடுக்கலாம் எண்டு ஆரைக் கேட்டாலும் ஒவ்வொரு கதை. நீங்கள் உந்தப் படிப்பெல்லாம் படிச்சனீங்கள் தானே, சொல்லுங்கோ. தினம் குடுக்கலாமோ?"

இந்த இடத்தில் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று கேட்டீர்கள். தேநீர் சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்து முடிக்கும் நேரம். கொடுக்கவேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. ஏன் என்று சொன்னால் படிவத்தின் பேச்சு வரும்.

"கொடுங்கக்கா. தெனம் ஒண்ணு. வீட்டு முட்டை, கடையில வாங்குறத விட நல்லதுதான்."

அவர் முகம் தெளிந்தது. அப்போதே ஒரு முட்டையை அவித்து, மஞ்சளைப் பிசைந்து ஊட்டினார். ஹம்சா துப்பவில்லை. இரண்டாவது வாய்க்கும் வாயைத் திறந்தாள். "பாருங்கோ தம்பி, உங்கட கைராசி" என்றார். எனக்கும் ஒரு டசன் தந்தார். திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் அந்தப் பெட்டியை வைத்தேன். எறியவில்லை. உடையாமல் வைத்தேன். அந்த முட்டைகளில் என்ன இருக்கும் என்று தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவரவில்லை, அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அறிக்கை ஜூலையில் கையெழுத்தானது. செப்டம்பரில் வீடுகள் கைமாறின.

அக்டோபர் ஒன்பதாம் தேதி முகாம் மண்டபத்தில் குடும்பங்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம். புதுக் கம்பெனியின் மேலாளர், ஓர் இராணுவ அதிகாரி, கேத்ரின். நாற்காலி போடவும் தேநீர் வைக்கவும் நான். சுவரில் அறிக்கையின் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். நான்காவது வரி: கணக்கெடுக்கப்பட்ட எந்த வீட்டிலும் வீட்டு மண்ணில் விளைந்த உணவு உண்ணப்படவில்லை, எனவே ஆபத்து ஏற்கத்தக்க அளவில் உள்ளது.

சயந்தினி அக்கா முன்வரிசையில் இருந்தார். துஷாந்த் திரும்பி வந்திருந்தார்; அவர் மடியில் ஹம்சா. அக்கா அந்த வரியை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"நாங்கள் சாப்பிடுகிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "எங்களிடம் கோழி இருக்கிறது. பிள்ளை தினமும் முட்டை சாப்பிடுகிறாள். அதில் ஏதாவது இருக்கிறதா?"

கோழி வளர்ப்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தேநீர் மேசைப் பக்கம் நின்ற என்னைத் தேடிக் கண்டுபிடித்துத் தமிழில் கேட்டார்.

"தம்பி, நீங்கள் தானே குடுங்கோ எண்டு சொன்னனீங்கள்? மண் நார்மல் எண்டனீங்கள் தானே?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். நான் மலேசியன், அவர் பேசுவது இலங்கைத் தமிழ், அது எனக்கு விளங்காது என்றேன். அதிகாரி தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

சயந்தினி அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். நான் சொன்னதைக் கேட்டார். துஷாந்திடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். கேத்ரின் என்னிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எழுந்து அதிகாரியிடம் போய், அந்த அம்மா கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று மாலை உங்களுக்கு முதலில் தகவல் தந்ததும் அவர்தான் என்று நினைக்கிறேன். அதில் எனக்குக் கோபம் இல்லை.

இரத்த முடிவுகளை நீங்கள் போன வாரம் காட்டினீர்கள். ஹம்சாவின் அளவு, அந்த நுரையோடு இருபது வருடம் வேலை செய்த தீயணைப்பு வீரர் ஒருவரின் அளவு என்றீர்கள். எடுப்பதற்கு மருந்து இல்லை, உடம்பிலிருந்து அது தானாகக் குறைய வருடங்கள் ஆகும், அதற்குள் என்னென்ன ஆகும் என்பதை வளர வளரத்தான் பார்க்கவேண்டும் என்றீர்கள். ஜூன் பன்னிரண்டிலிருந்து அக்டோபர் ஒன்பதுவரை நூற்றிருபது நாள். தினம் ஒன்று.

மே மாதத்திலேயே ஏன் திருத்தவில்லை என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். ஓர் இளம் தாய்க்குக் கொடுத்த வாக்கு என்று மூன்று தடவையும் சொன்னேன். அது உண்மை. முழுசாகச் சொல்லச் சொன்னதால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நாற்பத்தேழைத் திருத்தினால் வேறு ஆட்கள் எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்பார்கள். இதற்கு முன் யாராவது வந்து கேட்டார்களா என்றும் அந்த வீட்டுக்காரர்களைக் கேட்பார்கள். யாரும் கேட்கவில்லை. ஒன்பது நாளும் கிடங்கு வேலை முடிந்து நேரே முகாமுக்கு வந்து, மரநிழலில் வேனை நிறுத்திவிட்டு மத்தியானம்வரை தூங்கினேன். எழுந்து படிவங்களை நிரப்பினேன். பெயர்கள் முகாம் பட்டியலில் இருந்தன. கையெழுத்துகளை இரண்டு மூன்று பேனாக்களில் மாற்றி மாற்றிப் போட்டேன். பதினோராவது கேள்விக்கு எல்லாவற்றிலும் 'இல்லை'. அது சீக்கிரம் முடிகிற பதில்.

மற்ற எண்பத்தைந்து வீடுகளில் யார் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை பிள்ளைகள் என்பதை நீங்கள் என்னிடம் கேட்டுப் பயன் இல்லை. சயந்தினி அக்கா பக்கத்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் முட்டை கொடுத்துவந்தார் என்பதே உங்கள் மூலம்தான் எனக்குத் தெரியும்.

அக்கா இப்போது என் போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினாலும் பதில் இல்லை. அவருக்கு என்மேல் வருத்தம் இருக்கும், ஆறட்டும். ஆனால் ஒன்றை நீங்கள் பதிவு செய்யவேண்டும். அந்த முகாமில் நான் வாசல் ஏறிய வீடு அது ஒன்றுதான். கோழிகளை எழுதவேண்டாம் என்று அவர் கேட்டார், நான் எழுதவில்லை, கடைசிவரைக்கும் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒருவரிடமாவது நேர்மையாக நடந்திருக்கிறேன்.