குழலடி அட்டையைக் குப்பையென்று எரித்தவர்கள் ஓரின் ஹாக்லண்ட் அவர்களுக்கு வாசித்தளித்த மடல்

இரும்பையும் இசைய வைத்த ஏந்தலே! குழல்வாய் நோக்கியே குறை சொல்லும் கூர்விழிச் செம்மலே! மொன்டானா மலைச்சாரலில், ஆலையிலிருந்து அப்படியே வந்த ரைபிள்களை அணு அணுவாகத் திருத்தி, கோணலாகச் சுட்டவற்றைக் குறி தவறாமல் சுட வைத்த ஓரின் ஹாக்லண்ட் அவர்களே! வணக்கம், வாழ்த்து, கூடவே ஒரு மன்னிப்பு. எதை முதலில் சொல்வதென்று எங்களுக்கே தெரியவில்லை.

முரட்டு விசைகளை மென்மையாக்கினீர்கள். துப்பாக்கியின் மரக்கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே பிசின் வார்த்து ஆட்டத்தை அடக்கினீர்கள். குழல் கட்டையைத் தொடவே கூடாது, இடையில் ஒரு டாலர் நோட்டு தடையின்றி ஓட வேண்டும் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் ஓதினீர்கள். "முதல்ல சுட்டுப் பாரு, அப்புறம் கைய வை" என்பதும் தங்கள் வாக்கே. அதை நாங்கள் மறந்ததால்தான் இம்மடல் இப்படி நீள்கிறது.

தாங்கள் ஓய்வு பெற்றுப் பிரியும் வேளையில் பரிசொன்று தர நினைத்தோம். தங்கள் வண்டியில் கிடந்த பழைய ரைபிளில் எவர் கைவேலையும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் உழைத்தவருக்குத் தம்முடையதைத் திருத்த நேரமில்லை போலும் என்று உருகினோம். தாங்கள் பல் மருத்துவரிடம் போயிருந்த வேளையில் அதைக் கடத்தி வந்தோம். கடைசல் வேலை பார்க்கும் டாரல் கழற்றினார். கட்டையின் நுனியில், குழலுக்கடியில், எண்ணெய் ஊறிக் கறுத்த ஓர் அட்டைத் துண்டு இருந்தது.

"சே, எலி கொண்டாந்து வெச்சிருக்கும் போல," என்றார் டாரல்.

"குடு, அடுப்புல போடறேன்," என்றார் கல்லாவில் இருக்கும் ட்வைலா. போட்டும் விட்டார்.

பிறகு தாங்கள் காட்டிய வழியில் ஒன்றுவிடாமல் செய்தோம். கட்டையைச் சுரண்டினோம், பிசின் வார்த்தோம், விசையைத் தீட்டினோம். நோட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. சுட்டோம். தோட்டாக்கள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின! தொலைநோக்கியைச் சந்தேகித்து மாற்றினோம். தோட்டாவைச் சந்தேகித்து மாற்றினோம். காற்றைச் சந்தேகித்தோம், காற்றே அடிக்கவில்லை.

"யோவ், எல்லாம் சரியாத்தானே பண்ணோம்?" என்றார் டாரல்.

"சரியாப் பண்ணதுதான் தப்போ என்னவோ," என்றார் ட்வைலா.

அப்போதுதான் அட்டை நினைவுக்கு வந்தது. பிஸ்கட் பெட்டி, பீர் பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் வெட்டிச் செருகினோம். தோட்டா இடம் போனது, வலம் போனது, குறிக்கு மட்டும் போகவில்லை. குழலைத் தொடாதே என்று ஊருக்குச் சொன்னவர் தம் குழலுக்கு முட்டுக் கொடுத்தது ஏன்? தலை சுற்றுகிறது ஐயா! நாளை மறுநாள் எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து குலுக்கலில் விழுந்த வேட்டை அனுமதி தங்கள் வீட்டில் இருக்கிறது. அது எங்களால் வீணாகுமோ என்று பயமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

நோயின்றி நொடியின்றி, நிறைந்த புகழோடு நெடுங்காலம் வாழ்க! அந்த அட்டை எவ்வளவு தடிமன் என்று சொல்லிவிட்டு வாழ்க!

(இதுவரை விருந்தில் வாசிக்கப்பட்டது. இனி வருவது, மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுமுன் எழுதிச் சேர்த்தது.)

தாங்கள் சீறுவீர்கள் என்று காத்திருந்தோம். தாங்களோ துணைவியாரைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"ஆர்டிஸ், உன் துப்பாக்கியவா கடத்திருக்காங்க?"

"என்னுதேதான். அனுமதியும் என் பேர்லதான் விழுந்துச்சு," என்றார் அம்மையார், கேக் கத்தியைத் துடைத்தபடி. "காணோம்னு வண்டியப் பூரா தேடினேன், பாவிங்களா! இந்த மனுசனையே நான் அதத் தொட விட்டதில்ல. மெல்லிசுக் குழலு, நுனியில முட்டு கேக்கும்."

"ஏங்க கேக்குது?" என்றார் டாரல்.

"சில குழலு கேக்கும், சிலது கேக்காது. எனக்கும் இன்னிக்கு வரைக்கும் புரியல," என்றீர்கள் தாங்கள். அதைக் கேட்டு எங்களுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே!

அம்மையார் கேக் பெட்டியைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். காகிதத் தட்டையும் தள்ளினார். ட்வைலாவின் கையிலிருந்த இம்மடலை விரலிடையில் நசுக்கிப் பார்த்தவர், ஒரு மூலையைக் கத்தரித்தார்.

"நல்லாச் சுரண்டி வெச்சிருக்கீங்க. ரெண்டா மடிச்சாத்தான் ஆகும்."

மடித்துக் குழலடியில் செருகி, பட்டறைக்குப் பின்னால் மூன்று முறை சுட்டார். மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டன. டாரல் அழுதே விட்டார்.

இங்ஙனம்,
பட்டறைப் பணியாளர்கள்.
(கையொப்பங்கள் இருந்த மூலை அம்மையாரோடு வேட்டைக்குப் போயிருக்கிறது.)