தட்டு மாற்றும் நாள்

போன வருஷம் வந்த இசைத்தட்டுகளில் நல்லது எது என்று கேட்டால், எங்கள் கவரைப்பேட்டையில் எல்லோரும் என் பெயரைத்தான் சொல்வார்கள், சார். ரைஸ் மில் துளசிராமனைக் கேளு என்பார்கள். இசைத்தட்டு என்று முழுசாகச் சொல்ல எங்களுக்குப் பொறுமை கிடையாது. தட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டது. பரசுராமன் போஸ்ட்டிலிருந்து விழுந்து செத்ததை விசாரிக்க வந்த இடத்தில் இவன் பாட்டுக் கதை அளக்கிறானே என்று நினைக்காதீர்கள். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

மார்கழி முழுக்க உட்கார்ந்து, அந்த வருஷம் வாங்கிய தட்டுகளில் நல்லதாகப் பொறுக்கி வைப்பேன். பொங்கலன்று பரசுராமன் தன் மைக் செட்டில் அவற்றைப் போடுவான்; ஊரே கேட்கும். எனக்கு வகை பேதம் கிடையாது. இந்தத் தடவை ஒரு நாதஸ்வரத் தோடி, ஒரு பக்கம் முழுக்க ஓடும். ஒரு இந்தி கஜல், அர்த்தம் தெரியாமலே நெஞ்சை அடைக்கும். தெலுங்கில் கதைப்பாட்டு, புர்ரகதை என்பார்கள், அது ஒன்று. இங்கிலீஷ் தட்டு ஒன்று, வெறும் பிடிலும் டிரம்பெட்டும்தான். அதைப் போட்டால் மில் ஆட்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். சினிமாவில் ஒன்றே ஒன்று தேறியது, மற்றதெல்லாம் கூச்சல். எல்லாவற்றுக்கும் மேலே, மூர் மார்க்கெட்டில் அலைந்து பிடித்த ஷெனாய் எல்பி. அத்தனையும் ஒரே பெட்டியில்தான் இருக்கும். பாட்டில் போய் மேல் கீழ் பார்க்கிறவனுக்குக் காது எதற்கு?

பரசுராமன் பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. கும்மிடிப்பூண்டியில் மைக் செட் கடை வைத்திருந்தான். யார், எந்த வீடு என்ற பேதமெல்லாம் நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பான். அவனுக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அவன் தொட்ட தட்டுகளை அவன் போனதும் ஈரத்துணியால் துடைத்து வைப்பேன். கைரேகை படிந்தால் தட்டு கெட்டுவிடும் அல்லவா, அதற்காக.

ஷெனாயை முதல் தடவை போட்டபோது அவன் அழுதுவிட்டான். வெட்கமே படாமல் அழுதான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என் தங்கை சந்திரகலா உள்கதவருகே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் நான்தான் வேண்டாம் என்று அனுப்பினேன். வந்தவர்களில் ஒருத்தனுக்கும் பாட்டு ஞானம் இல்லை.

போகிக்கு முந்தின நாள் செங்கல்வராயன் டீக்கடைக்குப் போயிருந்தேன். நான் கீற்று மறைப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பரசுராமன் உள்ளே கடைக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். நான் இருப்பது அவனுக்குத் தெரியாது.

"தை பொறந்ததும் துளசியண்ணன் ஊட்ல தட்டு மாத்தறோம். அம்மா சரின்ட்டாங்க. அண்ணன்கிட்டதான் இன்னும் சொல்லல. இன்னா சொல்லுவாரோன்னு பேஜாரா கீது."

 மைக் செட்டுக்காரர்களிடம் தேய்ந்து கீறல் விழுந்த தட்டுகள் நிறையக் கிடக்கும். என் ஷெனாயை எடுத்துக்கொண்டு, அதன் உறையில் அப்படி ஒன்றைச் செருகிவிடப் போகிறான். பெற்ற தாயே அதற்கு உடந்தை. அப்படித்தான் புரிந்துகொண்டேன். கூட உட்கார்ந்து கேட்டவனே திருடினால் வயிறு எரியாதா, சார்?

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். ஷெனாய் இருந்தது. அம்மா புதுப் பித்தளைத் தாம்பாளங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன். பொங்கலுக்கு என்றாள். சந்திரகலா அந்த ஷெனாய் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

போகியன்று காலையில் மில் களத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட வந்தான். கரண்ட் எங்கள் மில்லிலிருந்துதான் போகும். போஸ்ட்டில் ஏறி, பழைய வயர் முனைகளைச் சீவி, புதிதாக முறுக்க வேண்டும். மெயின் சுவிட்ச் மில்லுக்குள்ளே இருக்கிறது. அதற்கு எப்போதும் நான்தான் நிற்பேன். வேறு ஆளை அவன் நம்ப மாட்டான். அணைத்துவிட்டுக் குரல் கொடுத்தேன். பாதி ஏறியவன் நின்று, நான் நின்ற மில் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, சாயங்காலம் உங்ககிட்ட ஒண்ணு பேசணும். கோச்சிக்கக் கூடாது."

பேசலாம் என்றேன்.

"மெயின் ஆஃப்ல கீதில்ல?"

"ஆஃப்லதான் கீது. நீ வேலையப் பாரு."

அப்போது நான் சொன்னது உண்மை. அவன் மேலே போய் இரண்டு முனைகளையும் கையில் பிடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெயினைப் போட்டேன். பெரிதாகச் சத்தம் ஒன்றும் வரவில்லை. அவன் விழுந்ததும் அணைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் நான்தான் ஓடினேன். அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

சந்திரகலா உங்களிடம் வந்து சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். தட்டு மாற்றுவது என்றால் வெற்றிலை பாக்கு, பூ, பழம், புடவை வைத்து இரண்டு வீட்டாரும் தாம்பாளம் மாற்றி நிச்சயம் செய்வது. அது அண்ணனுக்குத் தெரியாதா, சித்தப்பா பெண்களுக்கெல்லாம் முன்னால் நின்று தட்டு மாற்றியதே அவன்தானே என்றாளாம். ஆமாம், மாற்றினேன். செங்கல்வராயனும் ஏதோ சொன்னானாமே. பரசுராமன் அன்றைக்குச் சந்திரகலாவுக்குப் புடவை எடுத்ததைப் பற்றியும், அவன் ஆட்கள் பழவேற்காட்டிலிருந்து வரப்போவதைப் பற்றியும் பேசினான்தான். நான் காது கேட்காதவன் இல்லை. ஆனால் தட்டு என்ற சொல் விழுந்த பிறகு மற்றதை நான் மனதில் வாங்கவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மெயினைப் போட்டது நான். அவன் கை வயரில் இருப்பதைப் பார்த்துத்தான் போட்டேன். இசைத்தட்டுக்காகப் போட்டேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தங்கைக்காக என்று மட்டும் எழுத வேண்டாம், சார். துளசிராமன் சாதி பார்க்கிறவன் என்று இந்த ஊரில் இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.