இரண்டாம் வருடப் புத்தகம் வந்ததா?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் திரு. மோகன்குமார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி சசிதர் அவர்களே, மாமியாரைக் கடைசி நாள் வரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருமகள் சாய்ப்ரியா அவர்களே, தறியை நிறுத்திவிட்டும் கடையைச் சாத்திவிட்டும் வந்திருக்கும் பல்லடத்துப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் வழக்கறிஞர் தனபால், நம் ஊர் நுகர்வோர் நலச் சங்கத்தின் செயலாளர். அதன் தலைவராக இருந்து, போன வாரம் நம்மை விட்டுப் பிரிந்த அம்மையார் வெங்கடம்மாள் அவர்களுக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அம்மையாரைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். மன்னிக்க வேண்டும். பொறுமையா? வெங்கடம்மாளுக்கா? ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர் ஏன் சட்னியைத் தொடாமல் வெறும் இட்லியைச் சாப்பிடுகிறார் என்று தெரியாமல் அந்த அம்மா எழுந்து வரமாட்டார்! ஒன்றைத் தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்கிற தவிப்பு, அதுதான் வெங்கடம்மாள். அஞ்சலக அதிகாரியாக ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் நம் கொங்குத் தமிழ், கோபம் வந்தால் தபால் இலாகா இங்கிலீஷ். அந்த இங்கிலீஷை அதிகம் கேட்டவன் இந்த மேடையில் நான் ஒருவன்தான்.

பெருமக்களே, அம்மையாரின் தொண்டுகளை எல்லாம் சொல்ல எனக்கு நேரமில்லை. ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். அது இன்னும் முடியவில்லை.

ரித்திகா என்கிற தங்கை ஒருநாள் சங்கத்துக்கு வந்தார். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. தபால் வழியில் பட்டப்படிப்பில் சேர்ந்து ஒரு வருடம் படித்தார்; அதோடு படிப்பு நின்றுபோய்விட்டது. மூன்று வருடப் பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. அசல் சான்றிதழ்கள் அந்த நிறுவனத்திடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஜூன் மாதத்துக்குள் வேறெங்காவது சேர்ந்து படிப்பதாகக் காட்டாவிட்டால் பள்ளியில் வேலை போய்விடும். சேரச் சான்றிதழ் வேண்டும், பணமும் வேண்டும். இதுதான் நிலைமை.

நான் எந்த வக்கீலும் கேட்பதைக் கேட்டேன்: “ரசீது இருக்கா?” அம்மையார் கேட்டது வேறு.

“படிப்பை எதுக்குக் கண்ணு பாதியில உட்டே?”

“நாந்தானுங்க சரியாப் படிக்காம உட்டுப்போட்டேன்.”

“சரியாப் படிக்கலியா, இல்ல படிக்கறதுக்கு ஒண்ணும் வரலியா?”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் வருடப் புத்தகம் வரவே இல்லை. கோவையில் இருந்த வகுப்பு மையம் பூட்டிக் கிடந்தது. போன் செய்தால் “வரும், வரும்” என்றார்கள். அப்படியே ஒரு வருடம் போய்விட்டது. போகப்போக அந்தப் பெண்ணே தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டுவிட்டார். புத்தகம் அனுப்பாதவன் நிம்மதியாக இருந்தான்!

சரி, நோட்டீஸ் விடலாம் என்று ரசீதைப் பார்த்தேன். அதில் ரித்திகாவின் பெயரே இல்லை. தாராபுரம் அங்கப்பன் என்று இருந்தது. யார் இவர்? ரித்திகாவின் தாய்மாமன். கல்யாணத்துக்கு மாமன் சீர் என்ன வேண்டும் என்று கேட்டபோது, “பீரோ, கட்டில் வேண்டாம் மாமா, படிப்புக்குப் பீஸ் கட்டிடுங்க” என்றிருக்கிறார் இந்தப் பெண். மனிதர் கோவைக்கே போய் மொத்தப் பணத்தையும் கட்டி, ரசீதைத் தன் பெயரிலேயே வாங்கி, தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்து, மேளதாளத்தோடு மண்டபத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். நம் ஊரைத் தவிர வேறு எந்த ஊரில் கல்லூரி ரசீது சீர்த்தட்டில் ஏறும்? சொல்லுங்கள்!

பணம் கட்டியவர் கையெழுத்துப் போட்டால்தான் திருப்பித் தருவோம் என்பது நிறுவனத்தின் விதி. அங்கப்பனோ முடியவே முடியாது என்றார். நானும் அம்மையாரும் தாராபுரத்துக்குப் பஸ் ஏறினோம். முருங்கைத் தோட்டத்துக்கு நடுவே வீடு. இளநீர் வெட்டிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை.

“ஏனுங்க வக்கீலு, குடுத்த சீரைத் திருப்பி வாங்குனவன்னு என்னைய ஊர்ல பேசோணுமா? என்ற தங்கச்சி மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?”

நான் சட்டம் பேசினேன். பிரிவு பேசினேன். மனிதர் என்னைக் கொசுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அம்மையார் சட்டத்தின் பக்கமே போகவில்லை. மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“ஏனுங்க அங்கப்பன், எனக்கு ஒரு சந்தேகம். சீருக்குக் கறவை மாடு ஓட்டிவிடறீங்க. போன எடத்துல அது பாலே கறக்கலீன்னா என்ன செய்வீங்க?”

“என்னங்க செய்யறது? ஓட்டிக்கிட்டு வந்துபோட்டு வேற நல்ல மாடா புடிச்சு உடுவேன்.”

“அது சீரைத் திருப்பி வாங்குன மாதிரி ஆகாதுங்களா?”

“அதெப்படிங்க ஆகும்? கறக்காத மாட்டைக் குடுத்துப்போட்டுச் சும்மா இருந்தாத்தானுங்க அசிங்கம்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. என் சட்டைப்பையிலிருந்து அவரே பேனாவை உருவி எடுத்தார். காரியம் முடிந்தது, கிளம்பலாம் என்றால் விட்டாரா நம் தலைவர்? முருங்கை எத்தனை வருஷம் காய்க்கும், காற்றடித்தால் ஏன் ஒடிகிறது என்று கேட்டுக்கொண்டே நின்று, பஸ்ஸையும் விட்டோம்.

நோட்டீஸ் போனது. பதில் வந்தது. என்ன பதில் தெரியுமா? “அந்த ஒரு மாணவியின் பார்சல் மட்டும் தபாலில் தவறிவிட்டது.” யாரிடம் வந்து தபாலின் மேல் பழி போடுகிறார்கள்! அன்றைக்கு எங்கள் சங்க அலுவலகத்தில் தபால் இலாகா இங்கிலீஷ் வெகு நேரம் ஒலித்தது. கோபம் அடங்கியதும் கேள்வி வந்தது: “தனபால், உண்மையிலேயே ஒண்ணே ஒண்ணுதான் தவறுச்சா? வேற யாருக்கும் இதே மாதிரி வராமப் போகலியா?”

நாங்கள் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். விசாரணைக்கு முன்பே நிறுவனத்தின் ஆள் வந்தார். முழுப் பணமும் தருகிறோம், சான்றிதழும் தருகிறோம். ரித்திகா மனுவை வாபஸ் வாங்கி, இதைப்பற்றி இனி எங்கும் பேசமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும் என்றார். எனக்கு உள்ளூர நிம்மதி. கல்வி என்பது நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா, வராதா என்று இன்றைக்கும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. தோற்றால் அந்தப் பெண்ணுக்குப் படிப்பும் போச்சு, வேலையும் போச்சு. ஆனால் ரித்திகா தயங்கினார். “ஒரு பார்சல்தான் தவறுச்சுன்னு நானே ஒத்துக்கற மாதிரி ஆயிருமுங்களே?” என்றார்.

அதற்கு அம்மையார் சொன்னதைக் கேளுங்கள்: “நீ கையெழுத்துப் போட்டுக்குடு கண்ணு. மொதல்ல உன்ற படிப்பு. உன்ற வாயைத்தான் அவங்க காசு குடுத்து மூடறாங்க. என்ற வாய்க்கு யாரும் ஒண்ணும் குடுக்கலியே!”

ரித்திகா கையெழுத்துப் போட்டார். பணம் அங்கப்பனுக்கு வந்தது; அது அவர் கையில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அதே பணத்தில் ரித்திகா வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேலை தப்பியது. அதோ, அமர்ந்திருக்கிறார். வாக்குக் கொடுத்தவர், பேசமாட்டார். நான் வாக்குக் கொடுக்கவில்லை, பேசுகிறேன்.

அன்றிலிருந்து அம்மையார் போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். கல்யாண வீட்டில் கேட்டார். பஸ்ஸில் கேட்டார். ரேஷன் கடை வரிசையில் கேட்டார். “தபால்ல படிச்சீங்களா? இரண்டாம் வருஷப் புஸ்தகம் வந்துதுங்களா?” எல்லோரும் என்ன சொன்னார்கள்? “சேர்ந்தேனுங்க, அப்புறம் உட்டுப்போட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். ஏமாந்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “ஊரே ஒண்ணாச் சேந்து சோம்பேறி ஆயிருமா தனபால்? எனக்கு அதுமட்டும் தெரிஞ்சா போதும்.”

தெரியாமலேயே போய்விட்டாரே! பெருமக்களே, மரணம் எல்லோருக்கும் வரும். ஆனால் வெங்கடம்மாளைப் பதில் தெரியாமல் அனுப்பி வைத்துவிட்டோமே!

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி இறங்குவதுதான் மேடை மரபு. தொடர்வது என்றால் எப்போதிலிருந்து? கருமாதி முடிந்தா? நல்ல நாள் பார்த்தா? ஒருவர் என்றால் தபால் பிழை என்பான். பலர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் என்ன சொல்வான்? அதனால் இங்கேயே, இப்போதே கேட்கிறேன். நிறுவனத்தின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. கோவையில் மாடி ஏறிப்போய்ப் பணம் கட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டாம் வருடப் புத்தகம் வராமல் படிப்பு நின்றுபோனவர்கள் இந்த அரங்கில் இருந்தால், தயவுசெய்து கையைத் தூக்குங்கள். வெட்கம் உங்களுடையது அல்ல.

யாருமே இல்லையா?

கடைசி வரிசையில் ஒரு அம்மா. நன்றி தாயே. கோழித்தீவனக் கடைத் தம்பி, நீங்களுமா? அரைக் கை போதாது, நன்றாகத் தூக்குங்கள். தூண் பக்கம் இரண்டு பேர். அப்புறம்?

முன்வரிசையிலா?

அம்மணி... சாய்ப்ரியா! ஒரே வீட்டில் இருந்தீர்களே. ஊரையெல்லாம் கேட்டவர் உங்களைக் கேட்கவில்லையா?

என்ன சொல்கிறீர்கள்? அழாமல் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். “அத்தை எங்கிட்டயும் கேட்டாங்க. நான் படிச்சு முடிச்சுட்டேன்னு சொல்லிப்போட்டேன்” என்கிறார்.

சசிதர், அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், என் உரை இவ்வளவுதான். யாரும் கையை இறக்கிவிடாதீர்கள், நானே கீழே வந்து பெயர் எழுதிக்கொள்கிறேன். மனுவில் முதல் பெயர், வெங்கடம்மாளின் மருமகள் சாய்ப்ரியா.